வாசலுக்கு உள்ளே நான் யாரோ

என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும்போதே, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று என் கையை உதறினாள்.

"அம்மா, வாசலுக்கு உள்ள போயிட்டா நீ யாரோ, நான் யாரோ. சரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு வயசுப் பிள்ளைக்கு இந்த வீறாப்பு எத்தனை நாள் தாங்கும், மிஞ்சிப்போனால் ஒரு வாரம் என்று நினைத்து, சரி என்று தலையாட்டினேன். ஐந்து வருடம் தாங்கியது. பிடிவாதத்தில் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள், யாரைக் குறை சொல்வது?

அந்த அரசுப் பள்ளியில் கழிப்பறை கழுவுவதுதான் அப்போது என் வேலை. அவள் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே அங்கே இருந்தேன். பிள்ளைகள் எனக்கு 'ஃபினாயில் ஆன்ட்டி' என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட மாட்டார்கள், படிக்கட்டு திரும்பியதும் கூப்பிடுவார்கள். எனக்கு அது காதில் ஏறாது. ஆனால் 'ஃபினாயில் ஆன்ட்டி பொண்ணு' என்று என் மகளை எவளாவது கூப்பிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற தெம்பு எனக்கே கிடையாது. அதனால்தான் ஒப்புக்கொண்டேன். வலிக்கவில்லையா என்று கேட்டால், வலித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அவளைப் பார்த்தேன், நாள் முழுக்க அவளைத் தேடினேன். வராந்தாவில் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது கடந்து போகும் கால்களில் எது அவள் கால் என்று எனக்குத் தெரியும். இடது ஷூவின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். அந்த ஷூ ஈரத்தை மிதிக்காமல் சுற்றிப் போகும். அதுதான் எனக்கு அவள் காட்டுகிற மரியாதை என்று வைத்துக்கொள்வேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். பத்துப் படி கீழே நான் மாப்போடு நின்றேன். முட்டியில் ரத்தம். என் கால் ஓடத்தான் பார்த்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு டீச்சர் வந்து தூக்கிக்கொண்டு போனார். படியில் சொட்டியிருந்த ரத்தத்தை நான் துடைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா? நான் படியில விழுந்துட்டேன்," என்றாள். "ஐயையோ, எப்படிடி?" என்று நானும் ஒன்றும் தெரியாதவள் போல வாயைப் பிளந்தேன்.

அந்தச் சாயங்காலங்கள்தான் எனக்குச் சம்பளம். நான் நாள் முழுக்க இருந்துவிட்டு வந்த அதே இடத்தைப் பற்றி, நான் போகவே போகாத ஊரைப் பற்றிச் சொல்வது போல அவள் சொல்வாள். கணக்கு டீச்சர் யாரைத் திட்டினார், எவள் எவளோடு பேசவில்லை, எல்லாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். லாரி ஓட்டுகிற அவள் அப்பா பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். மற்றபடி நாங்கள் இரண்டு பேர்தான், பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய பிறகு பேச்சு நின்றுபோனது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவாள். ஆறு மணிக்கு எழுப்பினால் கண் செருகிக்கொண்டே "தலைவலி" என்பாள். தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். அவள் அப்பாவிடம் போனில் சொன்னேன். "படிப்பு ஜாஸ்தியாயிருக்கும், விடு," என்றார். அவருக்கு லாரி டயரைத் தவிர எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அதே சமயத்தில்தான் மூன்றாம் மாடிக் கழிப்பறையில் மாத்திரை அட்டைகள் கிடைக்க ஆரம்பித்தன.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களை யாரும் பாராட்ட மாட்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதுதான் பாராட்டு. கதவுக்குப் பின்னால் ஒரு அட்டவணை தொங்கும். மணிக்கு ஒருமுறை கழுவிவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே யாரோ இருந்தார்கள், எதையோ போட்டார்கள் என்ற தடமே தெரியாமல் துடைத்தெடுப்பதுதான் வேலை. நான் அதில் கெட்டிக்காரி. எனக்கு முன்னால் இருந்தவளுக்கு மூன்று மெமோ வந்தது. எனக்கு ஏழு வருடத்தில் ஒன்றுகூட வந்ததில்லை.

முதல் அட்டை ஃபிளஷ் தொட்டிக்குள் பிளாஸ்டிக் கவரில் மிதந்தது. பத்து மாத்திரையும் காலி. இன்னொரு நாள் சின்ன இருமல் மருந்து பாட்டில். பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று, பிறகு தினமும். பையன்கள் பக்கம் கழுவுகிறவள் நெடுநெடுவென்று உயரம், அவளை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். அவளிடம் கேட்டேன்.

"இங்க மட்டும் என்னக்கா வாழுது? இந்தப் பக்கமும் அதேதான், போதைக்குப் போடறானுங்க. குப்பையில போடு, வாயைப் பொத்திக்க. சொன்னா நம்ம தலையிலதான் விடியும்."

பொத்திக்கொண்டேன். ஊரார் பிள்ளைகள்தானே என்ற நினைப்பு எனக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது மணி அடித்த பிறகு மூன்றாம் மாடிக்குப் போனேன். கடைசிக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வாளியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தாழ்ப்பாள் விலகி மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். மூன்றாவதாக வந்தது என் மகள்.

ஐந்து வருடத்தில் முதல்முறையாக, அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு ஈரத் தரையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். கூட இருந்தவர்களில் ஒருத்தி, "ஆன்ட்டி, தண்ணி வரல," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். உள்ளே போய்ப் பார்த்தேன். தொட்டியில் அட்டை இருந்தது.

அதை எடுத்து நாலாக மடித்து, பழைய பேப்பரில் சுற்றி, குப்பைக்கூடையின் அடியில் செருகி, மேலே மற்ற குப்பையைக் கொட்டினேன். அட்டவணையில் கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "மூணாவது மாடியில என்னடி பண்ணிட்டிருந்தீங்க?"

படுத்திருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஸ்கூல் விஷயத்த வீட்டுல பேசாத. நீ யாரோ, நான் யாரோன்னு பேசியாச்சுல்ல."

"அது அங்க. இங்க நான் உன் அம்மா."

"அங்க பாத்தத இங்க கேக்கக் கூடாது. தலைவலி மாத்திரைதான். விடு."

அவள் போட்ட வேலியில் நானே மாட்டிக்கொண்டேன். தலைவலி மாத்திரை என்றாள், நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். ஆனால் மறுநாளிலிருந்து மணிக்கு ஒருமுறை போக வேண்டிய மூன்றாம் மாடிக்கு மணிக்கு மூன்று முறை போனேன். சூப்பர்வைசர் வருவதற்குள், டீச்சர்கள் வருவதற்குள், தொட்டி, ஜன்னல் இடுக்கு, குழாய்க்குப் பின்பக்கம் எல்லாவற்றையும் துழாவி எடுத்துவிடுவேன். எது அவள் போட்டது, எது அடுத்தவள் போட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் அள்ளினேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அப்படி ஓடியது.

பிறகு ஒரு வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வகுப்பிலேயே சரிந்து விழுந்தாள். கண் மேலே செருகிவிட்டது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் என்னைக் கடந்து போனபோது நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அன்று காலையில்தான் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து எறிந்திருந்தேன். ஒன்று அவளுடையதாக இருந்திருக்கும். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், மூன்று நாளில் கண் விழித்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்கள் பெற்றோரோடு வர வேண்டும் என்று உத்தரவு. நான் ஏழு மணிக்கே போய் அரங்கத்தில் முன்னூறு நாற்காலி போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏப்ரன் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. 'அன்புள்ள பெற்றோரே, இன்றைய கூட்டத்தில் தவறாமல் கலந்துகொள்ளவும்.' முன்னூறு நாற்காலி போட்டவளுக்கு அதில் எதில் உட்காருவது என்று தெரியவில்லை. கடைசியில் தண்ணீர் பாட்டில் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

என் மகள் தனியாக வந்தாள். அப்பா அம்மா இரண்டு பேருமே வெளியூர் போயிருக்கிறார்கள் என்று வகுப்பு டீச்சரிடம் சொல்வது என் காதிலேயே விழுந்தது. பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் அவளுக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள்.

கூட்டம் சந்தைக்கடையாக இருந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அம்மா ஒருவர் எழுந்து கேமரா வைக்க வேண்டும் என்றார். "எங்க, பாத்ரூம்லயா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு கிளம்பி அவர் முகம் சிவந்து உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் ஒருவர், "நான் டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் குடுக்கறதில்ல," என்று ஆரம்பித்தார். அவரை யாரும் கேட்கவில்லை. ஒரு பஸ் கண்டக்டர் மட்டும், "என் பையன்கிட்ட கேட்டேன், இல்லப்பான்னான். நம்பிட்டேன். நம்பாம எப்படி வீட்டுல இருக்கறது?" என்றார். என் மனசைத் திறந்து படித்தது போல இருந்தது. விழுந்த பெண்ணின் அம்மா முதல் வரிசையில், மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு, ஒன்றும் பேசாமல் இருந்தார்.

தலைமையாசிரியை எழுந்தார். நாங்கள் பெரிய மேடம் என்போம். கெட்டவர் இல்லை. மேஜையில் ஒரு காகிதம் கோணலாக இருந்தாலும் பொறுக்காத ரகம், அவ்வளவுதான். கையில் என் அட்டவணைகளைக் கட்டாக வைத்திருந்தார்.

"மூணு மாசத்துல பதினோரு தடவை திடீர்னு போய்ப் பாத்திருக்கோம். எல்லா மாடியும். ஒரு அட்டை, ஒரு பாட்டில் கிடைக்கல. இந்த ஸ்கூல் சுத்தமா இருக்கு. வெளியில எங்கயோ நடக்குது. வெளியில நடக்கறதுக்கு நீங்கதான் பொறுப்பு."

சொன்னதும் கூட்டம் தன்னைத்தானே கடித்துக்கொண்டது. உன் தெருவில்தான் விற்கிறார்கள், உன் பிள்ளையோடு சேர்ந்துதான் என் பிள்ளை கெட்டது என்று ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள். பாதிப் பேர் கிளம்ப எழுந்துவிட்டார்கள். விழுந்த பெண்ணின் அம்மா ஃபைலை மூடினார்.

"சந்தேகமா இருந்தா, தினமும் சுத்தம் பண்றவங்களையே கேளுங்க," என்று பெரிய மேடம் என் பக்கம் மைக்கை நீட்டினார். "நீங்களே சொல்லுங்கம்மா. ஏதாவது பாத்திருக்கீங்களா?"

வாரா வாரம் நான் துடைக்கிற மைக்தான் அது. கையில் வாங்கினேன். இல்லை என்று சொன்னால் மேடத்துக்குச் சந்தோஷம், என் வேலை தப்பும், என் மகள் பின்வரிசையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போவாள். நாளைக்கும் மூன்றாம் மாடிக்குப் போவாள். ஒரு நாள் ஸ்ட்ரெச்சர் வரும். நான் சுவரோடு ஒட்டி நிற்பேன், அப்போதும் யாரோவாக.

"இருக்கு மேடம்," என்றேன். "தினமும் இருக்கு. நான்தான் எடுத்து எறிஞ்சுட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே எறிஞ்சுடுவேன்."

கூரை பிய்த்துக்கொண்டது போலச் சத்தம். "ஏன் எறிஞ்சாங்க?", "எறிஞ்சாங்களா வித்தாங்களா?" மருந்துக்கடைக்காரர், "மொதல்ல அவங்க பையச் சோதிங்க," என்று கத்தினார். நானே பையைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினேன். சாப்பாட்டு டப்பா, சீப்பு, பஸ் பாஸ், ஒரு ஜோடி ரப்பர் கையுறை. அதற்கு மேல் கொட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த இன்ஷூரன்ஸ் அம்மா எழுந்து, "உங்களுக்கு என்ன தெரியும்? பெத்தவளுக்குத்தான் தெரியும் எங்க வயித்தெரிச்சல்," என்றார்.

"நானும் பெத்தவதான்!" மைக்கில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "என் பொண்ணும் இதே ஸ்கூல்லதான் படிக்கறா. அவளும் அந்த மாத்திரையப் போடறா. அவ மாட்டிக்கக் கூடாதுன்னுதான் எல்லாரோடதையும் அள்ளி அள்ளி எறிஞ்சேன். போதுமா?"



"எந்தக் கிளாஸ்?" என்றார் பெரிய மேடம் மெதுவாக. "யாரு உங்க பொண்ணு?"

எல்லாத் தலையும் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. நான் எனக்கு முன்னால் இருந்த ஒரு நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண் பின்வரிசைப் பக்கம் போனால் தொலைந்தது. அலுவலக கிளார்க்குக்கு மட்டும் தெரியும், சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கியவர் அவர்தான். அவர் தலை குனிந்துகொண்டு ஏதோ காகிதத்தைப் புரட்டினார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

"அத மட்டும் கேக்காதீங்க மேடம். வாக்குக் குடுத்திருக்கேன்."

விழுந்த பெண்ணின் அம்மா எழுந்து என் எதிரே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்றார். மேற்கொண்டு வரவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

கண்டக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "உள்ளதான் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே ஒருத்தர ஒருத்தர் திட்டி என்ன ஆகப்போகுது? என்ன பண்றதுன்னு பேசுவோம்." அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பேசினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் புதன்கிழமை தோறும் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு டாக்டர் பார்ப்பார், தானாகப் போகிற பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது, பேரும் கேட்கக் கூடாது என்று முடிவானது. பெரிய மேடம் கையெழுத்துப் போட்டார். நான் நாற்காலிகளை அடுக்கினேன்.

மத்தியானமே எங்களை வேலைக்கு வைத்திருக்கிற கான்ட்ராக்டர் போன் பண்ணினார். திங்கட்கிழமையிலிருந்து ஒரு வங்கி அலுவலகம், நாலு மாடி. "மேடம் நல்லவங்கம்மா. வேலைய விட்டுத் தூக்கச் சொல்லல. ஸ்கூல் பக்கம் வர வேணாம்னு மட்டும் சொன்னாங்க."

வீட்டில் என் மகள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"பேரச் சொல்லல," என்றாள்.

"சொல்லல."

"பின்னாடிகூடத் திரும்பிப் பாக்கல."

"பாக்கல."

"ஆனா சொல்லிட்ட." குரல் உடைந்தது. "எல்லாரும் தேடுவாங்க. எவளோட அம்மா, எவளோட அம்மான்னு ஒவ்வொருத்தியா பாப்பாங்க. எதுக்கும்மா சொன்ன?"

"அந்தப் பொண்ணு விழுந்த எடத்துல நீ விழுந்திருந்தா நான் என்னடி பண்ணுவேன்?"

"நான் அவ்ளோ போடறதில்ல."

தலைவலி மாத்திரை என்கிற பேச்சு அதோடு செத்தது. அவளுக்கும் அது தெரிந்தது. சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "விடத்தான் பாத்தேன். ரெண்டு நாள். கை காலெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுது. முடியலம்மா." நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன், விலக்கினாள். விலக்கினால் விலக்கட்டும், பேசினாளே.

"புதன்கிழமை டாக்டர்கிட்டப் போலாம்."

"யாராவது பாத்துடுவாங்க. நீ நின்னு கத்தினத எல்லாரும் பாத்திருக்காங்க. உன் கூட வந்தா நான்தான்னு தெரிஞ்சுடும்."

புதன் வந்தது, போனது. அடுத்த புதனும் போனது. அந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். வங்கியில் எல்லாக் காலும் ஒன்று போலப் பளபளவென்று இருக்கும். எந்த ஷூவும் ஈரத்தைச் சுற்றிப் போகாது, நேராக மிதித்துக்கொண்டு போகும். பள்ளியில் சாப்பாட்டு மணி அடிக்கிற பன்னிரண்டே முக்கால் ஆனால், அங்கே மணியே கிடையாது என்றாலும், என் தலை தானாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பும். வெட்டியாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் இப்போது மூன்றாம் மாடியில் இருக்கிறாளா, வகுப்பில் இருக்கிறாளா, விழுந்துவிட்டாளா, ஒன்றும் தெரியாது. ஐந்து வருடம் அவள் என்னைக் கண்டுகொள்ளாமல் போனதைக்கூட என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்களே என்று ஒரு நாள் மாப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். வாட்ச்மேன் வந்து தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளாகவே வந்து நின்றாள்.

"நாளைக்கு வர்றேன். ஆனா அங்கயும் நீ யாரோ. பஸ்ல கூடத் தனித்தனியா."

"சரி," என்றேன். வீட்டிலும் யாரோவாக இரு என்று சொல்லியிருந்தாலும் அன்றைக்குச் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் அவள் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில். ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி, நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் இரும்பு நாற்காலிகள். டோக்கன் வாங்கினாள், எட்டாம் நம்பர். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி விட்டு உட்கார்ந்தோம். அதில் ஒரு அம்மா பையோடு வந்து அமர்ந்தார்.

"உங்களுக்குப் பையனா, பொண்ணா?"

"நான் சும்மா... வேற வேலையா வந்தேன்."

அவர் அந்தப் பக்கம் என் மகளைப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "பாவம், இந்தப் பொண்ணு தனியா வந்திருக்கு. கூட வரக்கூட ஆள் இல்ல போல. பெத்தவங்க என்ன பெத்தவங்களோ."

"ஆமா," என்றேன். "என்ன பெத்தவங்களோ."

எதிர் வரிசையைப் பார்த்தேன். மூலையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர். பேப்பர் தலைகீழாக இருந்தது. மருந்துக்கடைக்காரர்தான். பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவர் பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்ததும் மறுபடி உள்ளே போனார். சற்றுத் தள்ளி, அன்றைக்குக் கழிப்பறையில் தண்ணி வரல என்று சொல்லிச் சிரித்த பெண், தன் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்த முகங்கள் இன்னும் நாலைந்து இருந்தன. என் மகளும் எல்லாரையும் பார்த்துவிட்டாள். எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. எட்டாம் நம்பர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன கேட்பார்கள்? பொய் சொல்வாளா? அழுவாளா? அழுதால் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும், கைக்குட்டை கொண்டுவந்திருக்க மாட்டாள். என் பையில் இருந்தது. கொடுக்க நான் யார்?

இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினார். "எட்டாம் நம்பருக்கு யாரு வந்திருக்கீங்க? அம்மா உள்ள வாங்க."

நான் அசையவில்லை. வாக்கு வாக்குதான். ஒருமுறை பாதி மீறியதற்கே மூன்று வாரம் பட்டது போதும். இப்போது நான் எழுந்தால், இந்த வராந்தாவில் இருக்கிற அத்தனை பேருக்கும் எவளோட அம்மா என்று தெரிந்துபோகும். அவள் இனிமேல் இந்தப் படி ஏற மாட்டாள். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ஒன்று, இரண்டு என்று படித்தேன். கண்ணில் நீர் கட்டி எழுத்து கலங்கியது.

"எட்டாம் நம்பர் அம்மா!" என்றார் நர்ஸ் மறுபடி.

"யாரும் வரல சிஸ்டர்," என்றார் என் பக்கத்தில் இருந்தவர். "அது தனியாத்தான் வந்துச்சு."

நர்ஸின் தோளுக்குப் பின்னால் என் மகளின் தலை தெரிந்தது. அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. வராந்தாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். மருந்துக்கடைக்காரரின் பையன் அவளைப் பார்த்தான். தோளில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது அவளுக்கு.

"அம்மா! எவ்ளோ நேரமாக் கூப்பிடறாங்க, காது கேக்கலையா உனக்கு? எந்திரிச்சு வா!"

செய்தித்தாள் கீழே இறங்கியது. பக்கத்திலிருந்த அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"வர்றேன்டி, வர்றேன்! எதுக்கு இந்தக் கத்து கத்தற?" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன், கீழ் மாடி வரைக்கும் கேட்கட்டும் என்று.